ஐந்து கொப்பிகளில் மூன்று வெறும் நாட்கள்

பதினேழாம் நோன்பன்று பகல் இரண்டரை மணிக்கு நான்காவது ஆளும் விழுந்துவிட்டாள் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. விழுந்தவள் மீராமுகைதீன் காக்காவின் மனைவி. தொழுகைக்கு வுழு எடுக்க, கை கால் முகம் கழுவ, கிணற்றடிக்குப் போனவள் வாளியைப் பிடித்தபடியே சரிந்திருக்கிறாள். மூச்சு இருக்கிறது, பேச்சு இல்லை. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

செய்தியைக் கேட்டதும் நான் மனதுக்குள் செய்த கணக்கு மிகச் சின்னது. ஐந்து பேரில் நான்கு பேர் போனால் மிச்சம் ஒருத்தி. அந்த ஒருத்தி என் உம்மா.

என் பெயர் சியாம். ஆட்டோ ஓட்டுகிறேன். மிச்ச நேரத்தில் றினோஸா ராத்தாவுக்கு, அக்கா என்றே வையுங்கள், உதவியாள். ராத்தா முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர். சுனாமிக்குப் பிறகு ஊருக்கு வந்து, கல்முனை பசாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் 'தகவல் சேவை' என்று பலகை மாட்டியிருக்கிறார். காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லித்தான் அதிகம் பேர் வருவார்கள். ஆளைக் கடத்திப் போகிற வெள்ளை வான் என்று ஆரம்பித்தாலே ராத்தா கதவைச் சாத்திவிட்டுத்தான் மிச்சத்தைக் கேட்பார். இது 2008. பயப்படுவதற்கு எங்களுக்குத் தனியாக ஒரு காரணம் தேவைப்படாத வருஷம்.

எங்களுக்கு எதிரே டொக்டர் சுஜீபன் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளைக்கு முன் இந்த வழக்கை எங்களிடம் கொண்டுவந்தவர் அவர்தான். மோட்டார் சைக்கிள் சாவியைக் கையை விட்டு வைக்கவே இல்லை.

அவருடைய வேலை ஆராய்ச்சி. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ளவர்கள் நோன்பு பிடித்தால் உடம்பில் சீனி எப்படி ஏறி இறங்குகிறது, மருந்துக் குளிசையை எப்படி மாற்றிக் கொடுத்தால் நோன்பும் நடக்கும் உயிரும் தங்கும் என்று பார்ப்பது. சாய்ந்தமருது சுனாமி வீட்டுத்திட்டத்தில், எங்கள் தெருவில், ஐந்து பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு சின்ன மிஷின், ஒரு கொப்பி. தினமும் காலை பத்தரைக்கு விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் வைத்தால் மிஷினில் எண் வரும். அதைக் கொப்பியின் கட்டத்தில் எழுத வேண்டும். மிஷினும் தன் வயிற்றுக்குள் எண்ணை வைத்திருக்கும். அதனால் பொய்யாக எழுத முடியாது.

"அஞ்சு பேருக்கும் சீனி ஏறி ஏறிப் போச்சு," என்றார் டொக்டர். "அதைப் பாத்துத்தான் பதினோராம் நோன்புக்குக் குளிசையைக் கூட்டினன். பதிமூண்டில சபூறா செத்துப் போனா. இதயம் எண்டு நெனச்சன். பதினைஞ்சில ரெண்டு பேர் விழுந்தாங்க. இண்டைக்கு இவ. முந்தாநேத்துக் காலையில முன்னூறு காட்டின ஆளுக்கு இண்டைக்கு மத்தியானம் நாப்பது. என்ட குளிசை அப்பிடி இறக்காது. குளிசையப் பரிசோதிச்சும் பாத்தாச்சு, அது சரி. நிப்பாட்டினா சீனி இன்னும் ஏறுமெண்டு நிப்பாட்டல்ல. வேற ஆரோ இவங்களுக்கு வேற என்னவோ குடுக்கிறாங்க."

"ஊரில என்ன கதைக்கிறாங்க?" ராத்தா கேட்டார்.

"தமிழ் டொக்டர் முஸ்லிம் பொம்பிளையளுக்கு நஞ்சு குடுக்கிறானாம்."

அந்த மாதிரிக் கதை எங்கள் பக்கம் எப்படி முடியும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

நான் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "உம்மா, விடியப்புறம் ஸஹருக்குக் குளிசை போட்டீங்களா?"

"ஓம் மகன். கூட்டித் தந்ததத்தான் போட்டன்."

டொக்டர் கையைக் காட்டினார். "இப்பவே விரலக் குத்திப் பாக்கச் சொல்லு."

சொன்னேன். "மறுகா பாக்கிறன்," என்று உம்மா தொலைபேசியை வைத்துவிட்டார். என் உம்மா ஒரு கேள்விக்குப் பத்துப் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைக்கிற ஆள் இல்லை.

"ஆட்டோவ எடு," என்றார் ராத்தா. கையில் ஐந்து கொப்பிகளின் போட்டோக்கொப்பியையும் எடுத்துக்கொண்டார். பதினான்காம் நோன்பு வரைக்கும் எழுதியவை.

கல்முனையிலிருந்து எங்கள் வீடு பத்து நிமிஷம். அன்றைக்கென்று சோதனைச் சாவடியில் முப்பது வாகனம் நின்றது. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வெயிலில் நகர்ந்தோம். எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. சாவடியில் கத்துகிறவனை என்ன செய்வார்கள் என்று தெரிந்ததால் கத்தவில்லை.

ராத்தா நின்றபடியே தாள்களைப் புரட்டினார். "சியாம், நாலாம் நோன்பு, எட்டு, ஒம்பது. இந்த மூணு நாளும் அஞ்சு கொப்பியிலயும் கட்டம் வெறுமையாக் கிடக்கு."

"சோம்பலா இரிக்கும்."

"அஞ்சு பேருக்கும் ஒரே நாளிலயா? சங்கம் வெச்சிச் சோம்பல் படுறாங்களா?"

"கரண்ட் போயிருக்கும்."

"மிஷின் பற்றரியில ஓடுது. சரி, எட்டாம் நோன்பு திறந்து போட்டு என்ன கறி தின்ட நீ?"

"ராத்தா, நோன்பாளிட்டக் கறியப் பத்திக் கேக்கிறது பாவம்."

"சொல்லுடா."

யோசித்தேன். மறக்க முடியுமா? "முட்டை. ஒம்பதுக்கும் முட்டை. நேவி கடலுக்கு விடல்ல, ஊரிலயே மீன் இல்ல. நாலாம் நோன்புக்கும் அப்பிடித்தான், பருப்போட முடிஞ்ச."

ராத்தா தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். "கடல் மூடின நாளில உங்கட தெருவில ஒருத்தரும் விரல் குத்தல்ல."

வரிசை இரண்டு அடி நகர்ந்தது. நான் நகரவில்லை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருவது ஒரே ஆள்தான். வசந்தினி. பாண்டிருப்புத் தமிழ்ப் பெண். காலை பத்து மணிக்குத் தலையில் கூடையோடு வருவாள். ஐந்து வீட்டு அடுப்படிக்குள்ளும் தாராளமாகப் போய் வருகிறவள் அவள் ஒருத்திதான். சுனாமிக்குப் பிறகு காம்பில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். நான் அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். ஆனாலும் அந்த வெயிலில், ஆமிக்காரரின் துவக்குகளுக்கு நடுவில், என் புத்தி போன போக்கைச் சொன்னால் வெட்கம். மீனில் என்ன கலந்தாள் என்று யோசித்தேன்.

"நீ என்ன நெனக்கிறாய் எண்டு தெரியும்," என்றார் ராத்தா. "அத வாயில கொண்டு வராத. மீன் தின்றது பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு. விழுறது பட்டப்பகல்ல. அதோட மீனில நஞ்செண்டா நீயும் இப்ப விழுந்து கிடக்கணும். நீ அத நல்லாத் தின்ற ஆள்."

"அப்ப அவ என்னதான் செய்தா?"

ராத்தா பத்தாம் நோன்புக் கட்டங்களை விரலால் காட்டினார். சபூறா 262. அடுத்த வீடு 274. அதற்கடுத்தது 289. மீராமுகைதீன் காக்கா வீடு 301. எங்கள் வீடு 318.

"உங்கட ஊடு தெருவுல கடைசியா?"

"ஓம். சபூறா மாமிட ஊடு முதல்."

"ஏழாம் நோன்பப் பாரு, அதே மாதிரி. பன்னெண்டயும் பாரு. தெருமுனையில குறைவு, போகப் போகக் கூட. அஞ்சு பொம்பிளையள்ட சீனி, வீடு வீடா நடந்து வருது சியாம்."

எங்கள் முறை வந்தது. அடையாள அட்டையை நீட்டினேன்.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மூன்றே முக்கால். உம்மா முன்னறையில் பாய் போட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். முகம் முழுக்க வியர்வை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"களைப்பு மகன். வேற ஒண்ணுமில்ல," என்றார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெதுவாக வந்தன.

ராத்தா பக்கத்தில் குந்தினார். உம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு விரல் நுனியாகப் பார்த்தார். "மாமி, எந்த விரலக் குத்துற நீங்க?"

உம்மா கையை இழுத்துக்கொண்டார்.

"இத்தின நாள் குத்தின கையில ஒரு புள்ளியும் இல்ல. மிஷினுக்கு ஆருட ரெத்தத்தக் குடுத்தீங்க?"

உம்மா என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு அழுதார். "நோன்போட ரெத்தம் எடுத்தா நோன்பு முறிஞ்சி போகும் எண்டு பயந்தம் மகள். மௌலவிட்டக் கேக்க வெக்கம். டொக்டர்ட்டச் சொன்னா மிஷினத் திருப்பி எடுத்துப் போடுவாரு. சபூறாதான் சொன்னா, வசந்தினிக்கு நோன்பில்லதானே, அவட விரலக் கேப்பம் எண்டு. அவ பாவம், ஒரு சொல்லுச் சொல்லல்ல. சபூறா ஊட்ட பால் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பம். குடிச்சுப் போட்டு, வீட்டுக்கு ஒரு விரலாக் குடுத்துப் போட்டுப் போவா."

நடந்து வந்த சீனி யாருடையது என்று இப்போது எனக்கும் விளங்கியது. டின்பால் தேநீர் உள்ளே இறங்க இறங்க, வீட்டுக்கு வீடு எண் ஏறியிருக்கிறது.

"அந்த நம்பரப் பாத்துத்தானே உம்மா உங்களுக்குக் குளிசையக் கூட்டினாங்க," என்றேன்.

"அது டொக்டர்ட எழுத்து வேலைக்கு எண்டு நெனச்சம் மகன். நம்பர் ஏறினா குளிசை ஏறும் எண்டு ஆரு சொன்ன?"

"சபூறா மாமி மௌத்தான பிறகாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஊர்ப் பொடியன்மார் வசந்தினிய உயிரோட விடுவானுகளா? அவட ரெத்தத்தாலதான் எண்டு சொல்ல மாட்டானுகளா?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நானே அந்தப் பொடியன்மாரில் ஒருவனாக இருந்தேன்.

ராத்தா அலுமாரியிலிருந்து மிஷினை எடுத்தார். உம்மா தடுப்பதற்குள் விரல் நுனியில் ஊசி குத்திவிட்டது. ஒரு சொட்டு. ஐந்து வினாடி.

44.

நான் குசினிக்கு ஓடி, தம்ளர் தண்ணீரில் கையில் அகப்பட்ட அளவு சீனியைக் கொட்டிக் கலக்கிக் கொண்டு வந்தேன். உம்மா வாயை இறுக மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

"உம்மா, குடிங்க."

"நோன்பு திறக்கிற பாங்குக்கு ரெண்டு மணித்தியாலந்தான் கிடக்கு. இத்தின நோன்பப் புடிச்சிப் போட்டு..." கண்கள் சொருகின. "சபூறா நோன்போடதான் போனா. குடுத்து வெச்சவ."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். சுனாமியன்று அலைக்குள் என் சட்டைக் கொலரைப் பல்லால் கடித்துப் பிடித்து இழுத்து வந்த வாய் அது. அந்த வாயை என்னால் திறக்க முடியவில்லை. வலுக்கட்டாயமாகத் திறக்கப் போனேன். ராத்தா என் கையைத் தட்டிவிட்டார்.

"மாமி," என்றார், வெகு சாதாரணமாக. "ரெத்தம் எடுத்தா நோன்பு முறியும் எண்டுதானே சொன்னீங்க?"

உம்மா தலையசைத்தார்.

"நான் இப்ப எடுத்துப் போட்டன். உங்கட கணக்குக்கு அது முறிஞ்சி போச்சு. இல்லாத நோன்புக்கு என்னத்துக்கு வாய மூடிக்கொண்டு இரிக்கிற? விட்ட நோன்பப் பெருநாளைக்குப் பிறகு களாப் புடிப்பம். பாவம் எனக்கு வரட்டும்."

உம்மா குத்துப்பட்ட விரலைப் பார்த்தார். அதில் இன்னும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. பிறகு "பிஸ்மில்லாஹ்" என்று வாயைத் திறந்தார்.

முழுத் தம்ளரும் போனது. இரண்டாவதும் போனது. கால் மணி நேரத்தில் மறுபடியும் குத்தினோம். 81. உம்மாவின் கை சூடேறியது. "மின்விசிறியக் குறைடா, குளிருது," என்று என்னை ஏசினார். அந்த ஏச்சைக் கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ராத்தா, குத்தினா நோன்பு முறியாது எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே," என்று காதுக்குள் கேட்டேன்.

"தெரியும். இன்னொரு தம்ளர் உள்ள போகட்டும், மறுகா சொல்லுவம்."

ராத்தா டொக்டருக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னார். டொக்டர், "நான் ஒருக்காவாவது அவங்கட கையப் பாத்திருக்கலாம்," என்று மட்டும் சொன்னாராம்.

வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். நஞ்சும் இல்லை, கொலைகாரனும் இல்லை. ராத்தா அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. உம்மாவின் கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்தும் இண்டைக்கும் கட்டம் வெறுமை. சியாம், நேத்து என்ன கறி?"

"மீன்."

"கடல் திறந்துதானே இருந்திருக்கு?"

"ஓம். வசந்தினி அக்கா வரல்ல எண்டு பசார்ல நான்தான் வாங்கின."

ராத்தா கொப்பியை மெதுவாக மூடினார். "நாம ஒரு பிழை விட்டுப் போட்டம். கொப்பியில இரிக்கிறதெல்லாம் பொய் நம்பர் எண்டு நெனச்சம். பொய் இல்லடா. முன்னூறு, முன்னூத்திப் பதினெட்டு. எல்லாம் ஒரு ஆள்ட உண்மையான சீனி. அந்த ஆள் நல்ல சுகதேகியெண்டா ஒரு தேத்தண்ணிக்கு அவ்வளவு ஏறாது. அந்த ஆளுக்குத்தான் ஒருத்தரும் ஒரு குளிசையும் குடுக்கல்ல."

"வசந்தினிக்கா?" உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவளுக்கு ஒரு வருத்தமும் இல்ல மகள். வந்த உடன ஒரு செம்பு தண்ணி கேப்பா, அவ்வளவுதான். இப்ப மெலிஞ்சிதான் போனா. வெயில்ல திரியிறதால எண்டு சொன்னா."

ராத்தா எழுந்துவிட்டார். மிஷினும் அவர் கையில் இருந்தது. உம்மாவோடு இருக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் குரல் கொடுத்துவிட்டு நானும் ஓடினேன்.

மறுபடியும் சாவடி வரிசையில் நின்று, பாண்டிருப்புக்குள் என் ஆட்டோ நுழைந்தபோது ஐந்தரை மணி. அந்தக் காலத்தில், அந்த நேரத்தில், முஸ்லிம் ஆட்டோ அந்தத் தெருவுக்குள் போவதில்லை. வேலிகளுக்குப் பின்னாலிருந்து ஆட்கள் பார்த்தார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினான். "வசந்தினிக்குச் சுகமில்ல, வழி விடுங்க," என்று ராத்தா சொன்னதும் அவன் எங்களுக்கு முன்னால் ஓடி வழி காட்டினான்.

தகரக் கூரை வீடு. வாசலில் மகள் நிரோஜினி நின்றாள். இருபது வயது இருக்கும். கண் வீங்கியிருந்தது.

"காய்ச்சல் எண்டு நெனச்சம்," என்றாள். "மூண்டு நாளைக்கு முதல் கால்ல முள்ளுக் குத்தின. நேத்திலிருந்து தண்ணி தண்ணி எண்டு ஒரே கேட்டா. களைப்புக்கு நல்லம் எண்டு இனிப்புச் சோடாதான் வாங்கி வாங்கிக் குடுத்தம். இப்ப கூப்பிட்டா முழிக்கிறா இல்ல."

உள்ளே பாயில் வசந்தினி கிடந்தாள். மூச்சு வேகவேகமாக, ஆழமாகப் போய் வந்தது. அந்த மூச்சில் அறை முழுக்கப் பழுத்த பழ வாசனை. பாதம் கறுத்து வீங்கியிருந்தது. ராத்தா அவளுடைய இடது கையை எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஐந்து விரல் நுனிகளிலும் கறுத்த புள்ளிகள், ஒன்றன் மேல் ஒன்றாக.

ராத்தா வலது கையில் ஆறாவதாக ஒரு விரலைக் குத்தினார். ஐந்து வினாடி காத்திருந்தோம். மிஷினில் எண் வரவில்லை. இதற்கு மேல் எனக்கு அளக்கத் தெரியாது என்று இரண்டு எழுத்து மட்டும் காட்டியது.

நானும் மோட்டார் சைக்கிள்காரனும் அவளைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினோம். தலை ராத்தாவின் மடியில், கால் நிரோஜினியின் மடியில். பிரதான வீதிக்கு ஏறும் இடத்தில் ஆமிக்காரன் கையை நீட்டினான். "லெடெக், மாத்தயா, லெடெக்," என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நோயாளி, ஐயா, நோயாளி என்று கெஞ்சினேன். அவன் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தான். அவளைப் பார்த்தான், முக்காடு போட்ட ராத்தாவைப் பார்த்தான், பொட்டு வைத்த மகளைப் பார்த்தான். எப்படி இந்தக் கூட்டம் ஒன்று சேர்ந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. கையை எடுத்துவிட்டான்.

கல்முனையில் பாங்கு சொல்லத் தொடங்கியது. ஒரு பள்ளிவாசல், பிறகு அடுத்தது. ராத்தாவும் நானும் எதையும் வாயில் வைக்கவில்லை. ஆட்டோவை எவ்வளவு முறுக்கினாலும் அது நாற்பதுக்கு மேல் போகவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து வசந்தினியின் குரல் கேட்டது. மிகத் தூரத்திலிருந்து வருவது போல.

"தம்பி. ரெண்டு நாளா நான் வரல்ல. கொப்பியில நம்பர் இல்லாட்டி டொக்டர் அவங்கள ஏசுவாரே. இண்டைக்கு ஆரு விரல் குடுத்த?"

"உம்மா தன்ட விரலையே குடுத்துப் போட்டா அக்கா," என்றேன். "இனி நீங்க குடுக்கத் தேவையில்ல."

பதில் வரவில்லை. கண்ணாடியில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "ராத்தா?" என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன்.

"மூச்சு இரிக்கி," என்றார் ராத்தா. "கதைக்காம ஓட்டு."